ஈரான் கரையில் காசு, உபசாரம், மீன்

குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்களுக்கு ஈரான் கேள்விப்படாத தேசம் கிடையாது. 'மாமன் மவன் கீஷ்ல நிக்கான்', 'அவன் லெங்கேல லாஞ்சுக்குப் போறான்' என்று ஈரானின் தென்கரை இடங்களைச் சொல்லும் பேச்சு குளச்சலிலும் இனயத்திலும் தூத்தூரிலும் சாதாரணமாகக் காதில் விழும். கொரோனா ஊரடங்கில் அங்கே மாட்டிக்கொண்ட 687 இந்தியர்களை ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் ஏற்றி, 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் இறக்கியது. அவர்களில் தமிழக மீனவர்கள் ஏராளம்.

ஆனாலும் ஈரானைப் பற்றி நம் ஊரில் புழங்கும் பேச்சு முக்கால்வாசி கடலில் நின்று பார்த்தது. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன், பங்கு எவ்வளவு, எல்லை தாண்டினால் எந்த நாட்டுக் காவல்படை பிடிக்கும் என்பதோடு முடிந்துவிடும். கரையேறி ரொட்டி வாங்கப் போனால் என்ன நடக்கும், ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் போகலாமா, விலைச்சீட்டை எப்படிப் படிப்பது என்பதெல்லாம் அதில் வராது. புதிதாகப் போகிறவர் தடுமாறுவது இங்கேதான். காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். அங்கே வாயால் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. விலைக்கும் விருந்துக்கும் கூலிப்பேச்சுக்கும் இது பொருந்தும்.

முதலில் காசு.

ஈரானின் சட்டப்படியான பணம் ரியால். ஆனால் மக்கள் பேசுவது தொமானில். 10 ரியால் ஒரு தொமான். கடையில் ஒட்டியிருக்கும் விலை ரியாலிலும் இருக்கலாம், தொமானிலும் இருக்கலாம். கடைக்காரர் வாயால் சொல்வது பெரும்பாலும் தொமான். அதிலும் ஆயிரத்தை விழுங்கிவிட்டுச் சொல்வார். 5,00,000 ரியால் பொருளுக்கு அவர் சொல்லும் விலை 'ஐம்பது'. அதாவது ஐம்பதாயிரம் தொமான். புதிய ஆள் 'ஐம்பது'க்கு 50,000 ரியால் தாளை நீட்டுவார், கடைக்காரர் சிரிப்பார். இதற்கு நேர்மாறானது ஆபத்து. டாக்சிக்காரர் 'ஐம்பது' என்று சொன்னதை ஐந்து லட்சம் தொமான் என்று நினைத்துப் பத்து மடங்கு கொடுப்பவர் உண்டு. தாளை எண்ணும் முன் 'தொமானா, ரியாலா' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். இதைக் கேட்பதை அங்கே யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, ஈரானியர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள்.

2025 அக்டோபரில் நான்கு சுழிகளை நீக்கும் சட்டத்தை அந்நாட்டு நாடாளுமன்றம் ஏற்றது. பழைய 10,000 ரியால் புதிய ஒரு ரியாலாக வேண்டும் என்பது திட்டம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: கடைக்காரர் இன்று வாயால் சொல்லும் 'ஐம்பது', புதிய பணத்தில் சரியாக 50 ரியால்தான். மக்கள் பேச்சை அரசு பின்னால் வந்து பிடிக்கிறது. ஆனால் பழையதும் புதியதும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கும் என்பதால் குழப்பம் குறைவதற்கு முன்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும். இப்போதே சில தாள்களில் கடைசி நான்கு சுழிகளை மங்கலாக அச்சிட்டிருக்கிறார்கள். பெரிதாகத் தெரியும் எண்ணை மட்டும் பார்த்து எண்ணினால் அந்த எண் தொமான் ஆயிரக் கணக்கு, ரியால் கணக்கு அல்ல.

ஈரானிய எண்களை எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு நாள் போதும். சுழி ஒரு புள்ளி. ஐந்து, தலைகீழான இதயம் மாதிரி இருக்கும். ஏழு மேல்பக்கம் விரிந்த கவட்டை, எட்டு அதைக் கவிழ்த்து வைத்தது. குழப்புவது இரண்டும் மூன்றும்: இரண்டுக்கு ஒரு பள்ளம், மூன்றுக்கு இரண்டு பள்ளம். எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண் நம்மைப் போல இடமிருந்து வலம்தான். அரபு நாடுகளில் வேலை பார்த்தவர்கள் 'எனக்கு எண் தெரியும்' என்று போவார்கள். அரபு எண்ணிலிருந்து ஈரானிய நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று எண்களுக்கும் வடிவம் மாறும், அங்கேதான் அவர்கள் ஏமாறுவார்கள்.

நம் வங்கி அட்டை எதுவும் அங்கே வேலை செய்யாது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டும் பொருளாதாரத் தடையால் இல்லை. டாலராகவோ திர்ஹாமாகவோ கையில் கொண்டுபோய், உரிமம் உள்ள 'சர்ராஃபி' கடையில் மாற்ற வேண்டும். தெருவில் 'நல்ல ரேட்' என்று அணுகுபவரிடம் மாற்றினால் கட்டுக்குள் சிறு தாள்கள் வரும், எண்ணி முடிக்கும்போது ஆள் இருக்கமாட்டார். ஒரே தடவையில் நிறைய மாற்றவும் வேண்டாம். ரியாலின் மதிப்பு இறங்கிக்கொண்டே இருக்கும், அடுத்த வாரம் அதே டாலருக்குக் கூடக் கிடைக்கலாம். நாட்டுக்குள் இருப்பவர்கள் உள்நாட்டு டெபிட் அட்டையையே தேய்க்கிறார்கள். தள்ளுவண்டிக்காரரிடமும் இயந்திரம் இருக்கும். அட்டையைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ரகசிய எண்ணை எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்வார்கள், அவர் அழுத்துவார். நம் வங்கி மேலாளர்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். அங்கே அது வழக்கம்.

வேண்டாம் என்று சொன்னால் வேண்டும் என்று அர்த்தம்

பணத்தை நீட்டும்போது கடைக்காரர் 'காபெலி நதாரே' என்பார். ஒன்றும் பெரிசில்லை, இருக்கட்டும் என்கிற தோரணை. உண்மையாகவே இலவசமாகக் கொடுக்கிறார் என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு நடந்தால் பின்னால் ஓடி வருவார், அல்லது மரியாதைக்காக ஓடி வராமல் மனசுக்குள் திட்டுவார். இரண்டுமே நன்றாக இராது. மறுபடி நீட்ட வேண்டும். மறுபடி மறுப்பார். மூன்றாவது முறை வாங்கிக்கொள்வார். இந்த மரியாதை ஆட்டத்துக்குப் பெயர் 'தாரோஃப்'. டாக்சியிலும் நடக்கும், முடிதிருத்தும் கடையிலும் நடக்கும். கணக்கு சுலபம்: கொடுப்பதாக இருந்தால் மூன்று முறை வற்புறுத்த வேண்டும், வாங்குவதாக இருந்தால் இரண்டு முறையாவது மறுக்க வேண்டும்.

நமக்கு இது முழுக்கப் புதிதில்லை. சாப்பாட்டு நேரத்தில் யாராவது வாசலில் வந்தால் 'கேறி வாங்க, சாப்பிட்டுட்டுப் போலாம்' என்று நாமும் சொல்வோம். வந்தவர் 'இப்பதான் சாப்பிட்டேன்' என்பார், பசியோடு இருந்தாலும். வேறுபாடு அளவில்தான். ஈரானில் இது கதவு தாண்டுவதில் தொடங்கும். இரண்டு பேர் வாசலில் நின்று 'நீங்க முதல்ல', 'இல்ல, நீங்க' என்று ஒரு நிமிடம் நிற்பார்கள். ஒரு வீட்டில் சுவரில் தொங்கும் கம்பளத்தைப் பார்த்து அழகாக இருக்கிறது என்று சொன்னால், 'உங்களுக்கே, எடுத்துக்குங்க' என்பார் வீட்டுக்காரர். எடுக்கக்கூடாது. 'உங்க வீட்லதான் அதுக்கு அழகு' என்று சொல்லி நகர வேண்டும்.

எப்போது அழைப்பு உண்மை? சில அடையாளங்கள் உண்டு. வழியில் பார்த்து 'ஒரு நாள் வீட்டுக்கு வாங்க' என்றால் அது வெறும் மரியாதை. நாளும் நேரமும் சொன்னால், முகவரியை எழுதிக் கொடுத்தால், மறுத்த பிறகும் மூன்றாவது நான்காவது முறை கேட்டால் அது உண்மையான அழைப்பு. போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது. இனிப்புப் பெட்டியோ பழமோ பூவோ போதும். கொண்டுபோன இனிப்பைப் பிரித்து உங்களுக்கே முதலில் நீட்டுவார்கள், அதையும் ஒருமுறை மறுத்துவிட்டு எடுக்க வேண்டும்.

இந்த ஆட்டத்தில் நம் ஆட்கள் உண்மையிலேயே அடிபடும் இடம் படகு முதலாளியோடு கூலி பேசும்போது. தென்கரையில் மாதச் சம்பளத்தைவிடப் பிடித்த மீனில் பங்கு என்பதே வழக்கமாக இருக்கிறது. 'நீ என் தம்பி, உனக்கும் எனக்கும் இடையில் என்ன கணக்கு, படகு உன்னுடையது' என்பார் முதலாளி. கேட்க இதமாக இருக்கும். கம்பளத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவுதான் இதற்கும். அவர் ஏமாற்றுக்காரர் என்று அர்த்தமில்லை; கணக்குப் பேச்சை அப்படித்தான் தொடங்குவார்கள். பதிலுக்கு 'உங்க பெரிய மனசு, இருந்தாலும் நான் நிம்மதியா இருக்க எழுதிக்குவோம்' என்று சிரித்துக்கொண்டே பேச்சைக் கணக்குக்கு இழுக்க வேண்டும். டீசல், ஐஸ், சாப்பாடு, வலைச் செலவு இவற்றில் எது கழிக்கப்படும்? கழித்த மீதியில் படகுக்கு எத்தனை பங்கு, ஆளுக்கு எத்தனை? கணக்கு தீர்ப்பது பயணத்துக்குப் பயணமா, மாதத்துக்கா, பருவ முடிவிலா? கடைசியாக, எந்தப் பணத்தில், அன்றைய எந்த மாற்று விலையில்? கடைசிக் கேள்வியை விட்டவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். பருவத் தொடக்கத்தில் பேசிய தொமான் பருவ முடிவில் பாதி டாலருக்குக்கூடப் பெறாமல் போகலாம். இதைத் தரகர் வாய்ச்சொல்லாக ஊரிலேயே முடித்துவிட்டு விமானம் ஏறுவதைப் போல மடத்தனம் வேறில்லை.

தரகர் பேச்சு வந்ததால் ஒன்று. 2024 பிப்ரவரியில் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு 15 நாள் விசா விலக்கு தந்த ஈரான், 2025 நவம்பர் 22 முதல் அதை நிறுத்தியது. வேலை என்று சொல்லியும் வேறு நாட்டுக்கு அனுப்புவதாகச் சொல்லியும் அழைத்துப்போய், அங்கே இறங்கியதும் கடத்திப் பணம் கேட்ட சம்பவங்கள் அதற்குக் காரணம். சுற்றுலா என்று சொல்லி ஏற்றிவிட்டு 'அங்கே போனதும் வேலை விசா மாத்திக்கலாம்' என்று யார் சொன்னாலும் கதவைச் சாத்துங்கள். போர்ப் பதற்றமும் அங்கே வந்து வந்து போவதால், வெளியுறவு அமைச்சகத்தின் பயண அறிவுரையைப் பார்க்காமல் டிக்கெட் போடவும் கூடாது.

நாளும் கிழமையும்

கடிகாரத்தில் சிக்கல் இல்லை. நாம் அவர்களைவிட இரண்டு மணி நேரம் முன்னால். அங்கே காலை 8 என்றால் நாகர்கோவிலில் 10. 2023 முதல் கோடைக்காலத்துக்கு நேரத்தைத் தள்ளி வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிட்டார்கள், அதனால் ஆண்டு முழுக்க இதே இரண்டு மணி.

நாள்காட்டிதான் வேறு. அது சூரியக் கணக்கு. வசந்தச் சம இரவு நாளையொட்டி, மார்ச் 20 அல்லது 21-இல் ஆண்டு பிறக்கும். முதல் ஆறு மாதம் 31 நாள், அடுத்த ஐந்து 30, கடைசி மாதம் 29 (நெட்டாண்டில் 30). வீட்டுச் சுவரில் கொல்லம் ஆண்டும் ஆங்கில ஆண்டும் அருகருகே போட்ட நாள்காட்டியைப் பார்த்து வளர்ந்த குமரிக்காரருக்கு இது புரியாமல் போகாது. ஈரானிய ஆண்டோடு 621 கூட்டினால் ஆங்கில ஆண்டு. ஜனவரி முதல் மார்ச் 20 வரை என்றால் 622. 2026 மார்ச் 21 அன்று 1405 பிறந்தது. உணவுப் பொட்டலத்திலும் மருந்து அட்டையிலும் காலாவதி தேதி பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் இருக்கும் என்பதால் இது வெறும் அறிவுக்கான தகவல் இல்லை. வேலை ஒப்பந்தத்தில் 'மெஹ்ர் முதல் தேதி' என்றால் செப்டம்பர் 23 வாக்கில். தேதியை இரண்டு கணக்கிலும் எழுதச் சொல்லுங்கள்.

வார விடுமுறை வெள்ளி. வியாழனன்றும் அலுவலகம் எதுவும் நம்பிப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத நம் கடற்கரைக்காரர்களுக்கு இது ஒரு மனக்கஷ்டம்தான். அங்கே ஞாயிறு வேலை நாள். தென்கரைச் சிறு துறைமுகங்களில் ஞாயிறு பூசைக்குக் கோவில் தேடிப் பிடிப்பதும் அரிது. இஸ்பஹான், தெஹ்ரான் பக்கம் ஆர்மேனியக் கிறிஸ்தவர்களின் பழைய தேவாலயங்கள் உண்டு, ஆனால் அது வடக்கே வெகு தூரம்.

ரொட்டி, டீ, சோறு

ரொட்டிக்கடைக்கு 'நான்வாயி' என்று பெயர். காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் அடுப்பு எரியும், நடுவில் சாத்தியிருக்கும். ஒரு கடையில் ஒரு வகைதான் போடுவார்கள். லவாஷ் காகிதம் போல மெல்லியது. பர்பரி தடிமன், மேலே விரலால் கோடு இழுத்து எள் தூவியிருக்கும். சங்கக் தான் பார்க்க வேண்டியது: கைமுழம் நீளத்துக்கு இழுத்த மாவைச் சூளைக்குள் சூடான கூழாங்கற்கள் மேல் விரித்துப் போடுவார்கள். எடுத்ததும் வாங்குபவரே ரொட்டியைத் தட்டி, ஒட்டியிருக்கும் கல்லை உதிர்க்க வேண்டும். அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்காமல் கடித்தால் பல் போகும். சூட்டோடு நெகிழிப் பையில் போட்டால் வேர்த்துத் தோல் போல ஆகிவிடும். சிறிது நேரம் ஆறவிட்டு, துணியில் சுற்றி எடுத்துப்போக வேண்டும்.

காலை உணவு ரொட்டி, உப்புப் பாலாடைக்கட்டி, அக்ரூட், கொஞ்சம் பச்சிலை, டீ. புட்டும் பயறும் மட்டிப்பழமும் நினைவில் ஏங்கும் ஆட்களுக்கு ஒரு வாரம் கஷ்டமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். டீயில் பால் கிடையாது. சமோவார் என்ற வெந்நீர்க் கலத்தின் மேல் சிறு தேநீர்ப் பாத்திரத்தை வைத்துக் கடுமையான சாறு இறக்கி, கண்ணாடி தம்ளரில் கொஞ்சம் ஊற்றி, வெந்நீர் சேர்த்து நிறம் பார்ப்பார்கள். சர்க்கரையைக் கலக்குவதில்லை, கட்டிச் சர்க்கரையைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு டீயை உறிஞ்சுவார்கள். நம் ஆட்கள் நாலைந்து கட்டியைத் தம்ளரில் போட்டுக் கலக்குவார்கள், அது சட்டென்று கரையாது, ஏனென்றால் அவ்வளவு கெட்டியாக அழுத்தியது.

சோற்றில் அவர்கள் காட்டும் பொறுமை நம்மிடம் இல்லை. நீள அரிசியை உப்புத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டு, வெளிப்பக்கம் வெந்து நடுவில் ஒரு நரம்பு கடிபடும் பதத்தில் வடித்துவிடுவார்கள். நம் கஞ்சி வடிப்பு முடியும் இந்த இடத்தில் அவர்களுடைய சமையல் பாதிதான் ஆகியிருக்கும். பாத்திர அடியில் எண்ணெயும் கொஞ்சம் குங்குமப்பூ நீரும் விட்டு, லவாஷ் ரொட்டியோ உருளைக்கிழங்கு வட்டமோ பரப்பி, அதன்மேல் சோற்றைக் கூம்பாகக் குவித்து, கரண்டிக் காம்பால் நாலைந்து துளை போடுவார்கள். மூடியைத் துணியில் சுற்றி மூட வேண்டும். ஆவி மூடியில் பட்டுச் சொட்டுச் சொட்டாகத் திரும்பி விழுந்தால் சோறு குழையும், அதைத் துணி உறிஞ்சிக்கொள்ளும். முதலில் சில நிமிடம் நல்ல தீ, பிறகு முக்கால் மணி நேரம் சிறு தீ. அடியில் பொன்னிறமாக ஒட்டும் மொறுமொறுப்புக்கு 'தஹ்தீக்' என்று பெயர். விருந்தில் அதற்குத்தான் போட்டி, விருந்தாளிக்குத்தான் முதல் துண்டு. அடிபிடித்த சோற்றைச் சுரண்டி நாய்க்குப் போடும் வீட்டிலிருந்து போகிறவர் அதை ஒதுக்கி வைத்தால் சமைத்தவர் முகம் வாடும்.

தட்டில் கத்தி இராது. வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. தரையில் 'சொஃப்ரே' என்ற விரிப்பு போட்டுச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்த விரிப்பின் மேல் கால் படக்கூடாது.

புளி போட்ட மீன்

வடக்கே தெஹ்ரான் சாப்பாட்டில் காரம் இல்லை, புளிப்பு வேறு வகை என்று நம்மவர் முகம் சுளிப்பார்கள். தென்கரையில் கதை மாறும். ஹொர்மொஸ்கான், புஷேர், ஆபாதான் பக்கம் மீனைப் புளியில்தான் வைக்கிறார்கள். மிளகாய் வத்தலும் பூண்டும் மஞ்சளும் உண்டு. 'கலியே மாஹி' என்று பெயர். நம் புளிமுளம் மீன்குழம்புக்கு உறவு என்று சொல்லத் தோன்றும், ஆனால் தேங்காய்க்குப் பதில் அங்கே மல்லித்தழை.

ஒரு கிலோ நெய்மீன் என்றால் மல்லித்தழை அரைக் கிலோ, வெந்தயக்கீரை அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு முழுப் பூண்டு, இரண்டு வெங்காயம், நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே புளி. வெங்காயமும் பூண்டும் வதங்கியதும் மஞ்சள்தூள், மிளகாய். பிறகு பொடியாக அரிந்த கீரை இரண்டையும் போட்டுக் கரும்பச்சையாகி எண்ணெய் பிரியும்வரை வதக்க வேண்டும். ஒரு கரண்டி கோதுமை மாவு சேர்ப்பவர்களும் உண்டு, குழம்பு திக்காகும். புளிக்கரைசலும் தண்ணீரும் விட்டு முக்கால் மணி நேரம் சிறு தீயில் விட்டபின் கடைசிக் கால் மணி நேரத்துக்குத்தான் மீன் இறங்கும். இறங்கிய பிறகு கரண்டி போடக்கூடாது, சட்டியைச் சுழற்றிவிட வேண்டும். இதில் கெடுவது இரண்டு இடத்தில். வெந்தயக்கீரை கூடினாலும் கசக்கும், வதக்கும்போது கருகினாலும் கசக்கும். கீரையைச் சரியாக வதக்காமல் அவசரப்பட்டால் பச்சை வாடை மீனை அமுக்கிவிடும்.

மீன் பெயர்களில் சிலவற்றை மட்டும் தெரிந்துகொண்டால் சந்தையில் பிழைக்கலாம்: நெய்மீன் 'ஷீர் மாஹி', கருப்பு வாவல் 'ஹல்வா சியாஹ்', வெள்ளை வாவல் 'ஸொபெய்தி' அல்லது 'ஹல்வா செஃபீத்', களவா 'ஹாமூர்', இறால் 'மேய்கு'. சாளையையும் நெத்திலியையும் உப்பு, கடுகு, மல்லி சேர்த்து வாரக்கணக்கில் புளிக்கவைத்து 'மஹ்யாவே' என்று ஒரு சாறு எடுக்கிறார்கள். கருவாட்டு மணத்துக்குப் பழகிய மூக்குக்கு அது ஒன்றும் செய்யாது. மெல்லிய இரும்புக்கல்லில் மாவை விரித்து, முட்டை உடைத்து, மஹ்யாவே தடவிச் சுடும் 'தொமோஷி' என்ற ரொட்டி தென்கரைக் காலை உணவு. பந்தர் அப்பாஸ், கெஷ்ம் பக்கம் தெருவோரம் பெண்கள் சுட்டு விற்பார்கள்.

ஒரு விஷயம் நம் ஆட்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஷியா மத விதிப்படி செதிள் இல்லாத மீன் உண்ணக்கூடாது; இறாலுக்கு மட்டும் விலக்கு. ஆகவே கணவாய், நண்டு, சிங்கி இறால், சுறா, திருக்கை எதுவும் பெரும்பாலான ஈரானிய வீடுகளில் கிடையாது. ஆனால் கீஷ், சாரக், லெங்கே, கெஷ்ம் கரையில் சுன்னி மக்கள் நிறைய. அங்கே சுறாவை வேகவைத்து, தோலும் முள்ளும் நீக்கிப் பிழிந்து உதிர்த்து, வெங்காயம் பூண்டு மசாலாவோடு வறுக்கிறார்கள். நம் சுறாப்புட்டேதான். ஆழ்கடலில் சுறா பிடித்துப் பெயரெடுத்த தூத்தூர்க்காரர்களுக்கு அந்நிய மண்ணில் இதைவிட ஆறுதல் வேண்டுமா! ஆகவே யார் வீட்டில் எதைச் சமைத்து நீட்டுவது என்று பார்த்துச் செய்ய வேண்டும். காஸ்பியன் கடலின் ஸ்டர்ஜன் மீனும் முன்பு விலக்கப்பட்டதுதான். 1983-இல் அதன் வால்பக்கம் செதிள் இருக்கிறது என்று கண்டு அனுமதித்தார்கள். அதன் முட்டையான கேவியர் என்ன விலை போகும் என்பதை நினைத்தால் அந்தச் செதிள் கண்ணில் பட்டதில் வியப்பில்லை.

இறால் பிடிப்புக்கு அங்கேயும் தடைக்காலம் உண்டு, நம்மைவிட நீளம். நமக்குச் சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 என்று 61 நாள் தடை. அங்கே ஆண்டின் பெரும்பகுதி தடை. கோடை முடிவில் சில வாரங்களுக்கு மட்டும் திறப்பார்கள். அந்த நாட்களில் கரையோர ஊரே தூங்காது, கூலிக்கும் அப்போதுதான் கிராக்கி.

வெக்கையும் வீடும்

குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். அந்தக் கரைக்குக் குளிர்காலத்தில் சில நாள் தூறல். கோடையில் வெப்பமும் கடல் ஈரமும் சேர்ந்து மூச்சை அடைக்கும் புழுக்கத்துக்கு 'ஷர்ஜி' என்பார்கள். கடைகள் மதியம் ஒன்று வாக்கில் சாத்தி, ஐந்துக்கு மேல் திறந்து இரவு பதினொன்று வரை நடக்கும். மதியம் மூன்று மணிக்கு மருந்து வாங்கப் போனால் பூட்டைத்தான் பார்க்கலாம். கச்சானும் வாடையும் பார்த்துக் கடலுக்குப் போகிறவர்கள் அங்கே 'ஷமால்' என்ற வடமேற்குக் காற்றைக் கற்றுக்கொள்ள வேண்டும். மணலையும் தூக்கிக்கொண்டு நாட்கணக்கில் நிற்காமல் வீசும். பழைய வீடுகளின் கூரையில் நிற்கும் சதுரக் கோபுரம் காற்றுப்பிடிப்பான்: மேலே ஓடும் காற்றைக் கீழே அறைக்குள் இறக்கும். ஊருக்கு வெளியே கவிழ்ந்த குடம் போன்ற கூரையோடு தரையில் வட்டக் கட்டடம் தெரிந்தால் அது 'பெர்க்கே', மழைநீர்த் தொட்டி. அதன் படியில் காலைக் கழுவவோ துப்பவோ கூடாது. குளத்தில் இறங்கிக் குளிக்கும் பழக்கம் கையோடு வந்தால் அதை விட்டுவிட வேண்டும்.

வீட்டுக்குள் செருப்பு கிடையாது. கழிப்பறை வாசலில் தனியாக ஒரு ஜோடி இருக்கும், அதை மாட்டிக்கொண்டு உள்ளே போய், திரும்பும்போது அங்கேயே விட வேண்டும். அதோடு கம்பளத்தில் ஏறினால் வீட்டம்மா ஒன்றும் சொல்லமாட்டார், அன்று மாலை கம்பளம் மொத்தமும் கழுவப்படும். கைலியும் வெறும் மேலுமாகத் தெருவில் நடக்க வேண்டாம். ஆண்கள் அரைக்கால் சட்டையோடு நகரத்தில் திரிவதும் நல்லதில்லை. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் வயதானவர்கள் அதைக் கெட்ட சைகையாக எடுக்கக்கூடும். தலையைச் சற்று மேலே தூக்கி நாக்கால் 'ச்' என்றால் இல்லை என்று பொருள். நாம் எரிச்சலில் செய்வது போல இருக்கும், கோபம் இல்லை. துறைமுகத்திலும் காவல் நிலையத்தருகிலும் போட்டோ எடுக்காதீர்கள். விளையாட்டாக எடுத்த படத்துக்கு விசாரணை நீளும். தென்கரைப் பெண்கள் சிலர் அணியும் முகமூடியையும் கேட்காமல் படம் பிடிக்கக்கூடாது. சாராயம் பெட்டியில் ஒரு பாட்டில்கூட இருக்கக்கூடாது, அங்கே அது குற்றம்.

நவ்ரூஸ் நாளை மட்டும் விட்டுவிடாதீர்கள். புத்தாண்டுக்கு 'ஸ' ஒலியில் தொடங்கும் ஏழு பொருள்களை விரிப்பில் வைப்பார்கள்: முளைவிட்ட கோதுமை, ஆப்பிள், பூண்டு, வினிகர், சுமாக் என்ற புளிப்புப் பொடி, செஞ்செத் என்ற பழம், முளைகட்டிய கோதுமையில் கிண்டிய சமனு. பக்கத்தில் கண்ணாடி, நாணயம், சில வீட்டில் தங்க மீன். பெரியவர்கள் புத்தம் புதுத் தாள் நோட்டைச் சிறியவர்களுக்குக் கொடுப்பார்கள். சித்திரை விஷுவுக்குக் கனி வைத்துக் கைநீட்டம் வாங்கியவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. பதின்மூன்றாம் நாள் யாரும் வீட்டில் இருக்கமாட்டார்கள். முளைப்பாரியை ஓடும் தண்ணீரில் விட்டுவிட்டு வெளியில்தான் சாப்பாடு. இந்த இரண்டு வாரமும் அலுவலகம், வங்கி, விசா வேலை எதுவும் சரியாக நடக்காது. விசா முடியும் தேதி இதற்குள் விழுந்தால் முன்கூட்டியே நீட்டித்துவிட வேண்டும்.

ஊருக்குத் திரும்பும்போது வாங்குவது குங்குமப்பூவும் பேரீச்சையும். குங்குமப்பூவில் முனைச் சிவப்பை மட்டும் நறுக்கியது 'சர்கோல்', அடி மஞ்சளும் கொஞ்சம் சேர்ந்தது 'பூஷால்', விலை அதற்கேற்ப. இரண்டு இழையைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீர் மெதுவாகப் பொன்மஞ்சளாகி இழை சிவப்பாகவே இருந்தால் நல்லது. போட்டதும் தண்ணீர் சிவந்து இழை வெளுத்தால் சாயம். பேரீச்சையில் பாம் ஊர்க் கருப்பு 'மொஸாஃபதி' மெத்தென்று இருக்கும், ஆனால் குளிர்பெட்டியில் இருக்க வேண்டியது. பெட்டியில் அடைத்து இரண்டு விமானம் மாறி வந்தால் புளித்துவிடும். ஹொர்மொஸ்கானிலேயே விளையும் 'பியாரோம்' பாதி காய்ந்தது, தோல் மெல்லியது, மாதக்கணக்கில் தாங்கும். விலை கூடுதல்தான், வீட்டுக்குக் கொண்டுபோவதானால் அதையே வாங்குங்கள்.